வேர்டில் தமிழ் எழுத்துரு, எழுத்து வடிவமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மாப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், ஆடித் திருவிழா நோட்டீஸ் அடிக்கும் கோயில் கமிட்டிக்காரர், ஏற்காட்டில் எஸ்டேட் அலுவலகக் கணினியில் கூலிப் பட்டியல் தட்டுபவர், அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர் என யார் கேட்டாலும் கேள்வி சுற்றிச் சுற்றி இவைதாம். விடைகள் விண்டோஸில் ஓடும் எம்எஸ் வேர்டை வைத்து எழுதப்பட்டவை. லிப்ரே ஆபீஸில் வேறுபடும் இடத்தில் தனியே சொல்லியிருக்கிறோம். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தமிழில் எழுதியிருக்கிறோம்.

வீட்டில் நன்றாக இருந்த ஃபைல், கடைக்குப் போய்த் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறதே, ஏன்?

அந்த ஃபைலில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துதான். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் பதிவாகும். பாமினி நிறுவிய கணினியில் அது தமிழாகத் தெரியும். நிறுவாத கணினியில் உள்ளது உள்ளபடி தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. எழுத்துருவை நிறுவினால் தமிழ் திரும்ப வந்துவிடும்.

யூனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுக் குறியீடு; அதில் தமிழ் எழுத்துகளுக்கும் துணைக் குறிகளுக்கும் தனித்தனி எண் உண்டு. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தாலும் வேறொரு தமிழ் எழுத்துருவில் காட்டுமே தவிர, ஆங்கிலமாக மாறாது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆகவே புதிதாக எதைத் தட்டினாலும் யூனிகோடில் தட்டுங்கள். எழுத்துரு அழகைப் பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

என் ஃபைல் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியல் என்று மாற்றுங்கள். தமிழாகவே இருந்தால் யூனிகோட், ஆங்கிலமாக மாறினால் பழைய குறியீடு. பார்த்ததும் கன்ட்ரோல் + இசட் அடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரே பக்கத்தில் இரண்டு வகையும் கலந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால், எழுத்தை ஒட்டி வலப்பக்கம் கர்சரை வைத்து ஆல்ட் + எக்ஸ் அழுத்துங்கள். எழுத்து மறைந்து நான்கு இலக்கக் குறியீடு வரும். பூஜ்யம், அடுத்து ஆங்கில பி என்று தொடங்கினால் அது யூனிகோட் தமிழ். இரண்டு பூஜ்யத்தில் தொடங்கினால் ஆங்கில எழுத்து. மறுபடி ஆல்ட் + எக்ஸ் அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும்.

பாமினி ஃபைலை யூனிகோடாக மாற்றினோம். படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் ‘சேர்வராயன்’ என்று தேடினால் கிடைப்பதில்லை.

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கவனிக்க வேண்டிய கேள்வி இது. பழைய எழுத்துருக்களில் துணைக்கால் ‘ா’ வடிவமும் கால் இல்லாத ‘ர’ வடிவமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். தட்டச்சு செய்தவர் ‘ர்’ வர வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு, மேலே புள்ளி வைத்துவிடுவார். தாளில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடாக மாற்றும் மென்பொருளோ அதைத் துணைக்காலாகவே எடுத்துக்கொள்ளும். முன்னால் இருக்கும் இரட்டைக் கொம்பையும் அந்தக் காலையும் சேர்த்து ‘ோ’ ஆக்கிவிடும். விளைவு, ‘சேர்வராயன்’ என்பது ‘சோ்வராயன்’ ஆகிவிடுகிறது. உற்றுப் பாருங்கள்: முதலாவதில் ‘சே’, ‘ர்’ என இரண்டு எழுத்து, இரண்டாவதில் ‘சோ’வின் தலையில் ஒரு புள்ளி. இதே வழியில் ‘மேட்டூர்’ என்பது ‘மேட்டூா்’ என்றும், ‘ஏரி’ என்பது ‘ஏாி’ என்றும், ‘மூக்கனேரி’ என்பது ‘மூக்கனோி’ என்றும் ஃபைல்களில் உலவுகின்றன. தேடலில் சிக்காது. அகரவரிசைப்படுத்தினால் பட்டியலில் தப்பான இடத்தில் போய் உட்காரும். வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் ‘◌’ என்ற புள்ளிவட்டம் முளைக்கும். கணினியைப் படிக்கச் சொன்னால் உளறும்.

திருத்துவது எளிது. உயிர்மெய்க் குறியின் மேல் புள்ளியோ இன்னொரு குறியோ தமிழில் வரவே வராது என்பதால், கீழே உள்ளவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம். கன்ட்ரோல் + எச் அழுத்தி, இந்த வரிசையில் செய்யுங்கள்:

‘ோ்’ → ‘ேர்’
‘ொ்’ → ‘ெர்’
‘ோி’ → ‘ேரி’
‘ொி’ → ‘ெரி’
‘ா்’ → ‘ர்’
‘ாி’ → ‘ரி’
‘ாீ’ → ‘ரீ’

தேடும் பெட்டியில் துணை எழுத்தை மட்டும் எப்படித் தட்டுவது என்பதுதான் பலர் முட்டி நிற்கும் இடம். தமிழ் 99 விசைப்பலகையில் அது எளிதல்ல. விண்டோஸில் இருக்கும் இன்ஸ்கிரிப்ட் தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால் துணை எழுத்துகள் தனித்தனி விசையில் கிடைக்கும். ஆங்கில இ விசையில் ‘ா’, டி விசையில் புள்ளி, எஃப் விசையில் ‘ி’, ஏ விசையில் ‘ோ’, எஸ் விசையில் ‘ே’, ஜே விசையில் ‘ர’. பெட்டிக்குள் புள்ளிவட்டம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், தேடல் வேலை செய்யும்.

‘ஒள’ எல்லாவற்றையும் ‘ஔ’ என்றும், ‘ெள’ எல்லாவற்றையும் ‘ௌ’ என்றும் அதேபோல மொத்தமாக மாற்றலாமா?

கூடவே கூடாது. ‘ஒளவையார்’ என்று ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருப்பது பிழைதான். ஆனால் ‘ஒளி’யில் இருக்கும் ‘ஒள’ சரியானது. ‘கெளரவம்’ பிழை, ‘வெள்ளி’ சரி. ரீப்ளேஸ் ஆல் அழுத்தினால், சேலத்து வெள்ளிக் கொலுசு விலைப்பட்டியலில் அத்தனை ‘வெள்ளி’யும் ‘வௌ்ளி’ ஆகிவிடும். இதை மட்டும் ஃபைண்ட் நெக்ஸ்ட் கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். அல்லது ‘கெளர’, ‘மெளன’, ‘பெளர்ணமி’, ‘ஒளவை’ என்று சொல்லோடு சேர்த்துத் தேடினால் சேதம் இருக்காது.

பாமினியில் ‘அம்மாப்பேட்டை’ என்று தட்டினால் ‘ஆம்மாப்பேட்டை’ என்று மாறிவிடுகிறது. கீபோர்டு கோளாறா?

இல்லை, வேர்டின் ஆட்டோ கரெக்ட். வாக்கியத்தின் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது அதன் பழக்கம். பாமினியில் சிறிய எம் ‘அ’, பெரிய எம் ‘ஆ’. வேர்டுக்கு அது ஆங்கில வாக்கியம், அவ்வளவுதான்.

ஃபைல் → ஆப்ஷன்ஸ் → ப்ரூஃபிங் → ஆட்டோ கரெக்ட் ஆப்ஷன்ஸ் போய், ‘கேப்பிடலைஸ் ஃபர்ஸ்ட் லெட்டர் ஆஃப் சென்டென்சஸ்’ டிக்கை எடுங்கள். அட்டவணைக் கட்டத்தில் முதல் எழுத்து மாறுவதை நிறுத்த, ‘டேபிள் செல்ஸ்’ டிக்கையும் எடுங்கள். மேற்கோள் குறி விசையில் ஓர் எழுத்தை வைத்திருக்கும் எழுத்துருக்களுக்கு, ‘ஆட்டோஃபார்மேட் ஆஸ் யூ டைப்’ பக்கத்தில் ‘ஸ்மார்ட் கோட்ஸ்’ டிக்கையும் எடுக்க வேண்டும். யூனிகோடில் தட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவையும் அளவையும் மாற்றினால், ஆங்கிலம் மட்டும் மாறுகிறது. தமிழ் அசையவே இல்லை.

வேர்ட் ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. ஆங்கிலம் போன்றவற்றுக்கு ஒரு எழுத்துரு, ஓர் அளவு. தமிழ், அரபு போன்ற ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ வகைக்கு வேறொரு எழுத்துரு, வேறோர் அளவு. ஹோம் பட்டையில் நீங்கள் தேர்ந்தெடுப்பது சில நேரம் ஒரு கணக்கில் மட்டுமே ஏறும். மேலே 14 என்று காட்டும், தமிழ் 11இலேயே நிற்கும்.

கன்ட்ரோல் + டி அழுத்துங்கள். எழுத்துருப் பெட்டியில் மேலே ‘லத்தீன் டெக்ஸ்ட்’, கீழே ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று இரண்டு வரிசை இருக்கும். தமிழுக்கு வேண்டிய எழுத்துரு, அளவு, தடிமன் எல்லாவற்றையும் கீழ் வரிசையில் கொடுங்கள். அந்த வரிசையே தெரியவில்லை என்றால், ஃபைல் → ஆப்ஷன்ஸ் → லாங்குவேஜ் போய்த் தமிழைச் சேர்த்து, வேர்டை மூடித் திறங்கள்.

லிப்ரே ஆபீஸிலும் இதே ஏற்பாடுதான். டூல்ஸ் → ஆப்ஷன்ஸில் மொழி அமைப்புகளுக்குப் போய் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ டிக் செய்தால், கேரக்டர் பெட்டியில் தமிழுக்கான பகுதி தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டு கணக்கு இருப்பது தொல்லை போலத் தோன்றினாலும் உண்மையில் வசதி. ஒரே புள்ளி அளவில் தமிழ் எழுத்து ஆங்கிலத்தைவிடப் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியும், அது எழுத்துருவைப் பொறுத்தது. லதா அகன்று பெரிதாகத் தெரியும். விஜயா அதே அளவில் சிறுத்துத் தெரியும். இரண்டு மொழியும் கலந்த பக்கத்தில் டைம்ஸ் நியூ ரோமன் 12, நிர்மலா 11 என்று தனித்தனியே கொடுத்தால் வரி ஒரே மட்டத்தில் நிற்கும்.

ஒவ்வொரு புது ஃபைலிலும் இதையே செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஹோம் பட்டையில் ‘நார்மல்’ ஸ்டைல் மேல் வலது கிளிக் செய்து மாடிஃபை → ஃபார்மேட் → ஃபான்ட் போங்கள். இரண்டு வரிசையையும் நிரப்பி, கீழே ‘நியூ டாக்குமென்ட்ஸ் பேஸ்டு ஆன் திஸ் டெம்ப்ளேட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். தலைப்புகளுக்கு ஹெடிங் 1, ஹெடிங் 2 ஸ்டைல்களிலும் இப்படியே. ஒவ்வொரு தலைப்பையும் தேர்ந்தெடுத்துத் தடித்த எழுத்தாக்கும் பழக்கம் இருப்பவர், 40 பக்கச் சங்க ஆண்டறிக்கையில் தலைப்பு அளவை மாற்றச் சொன்னால் அன்று மாலை வீட்டுக்குப் போக முடியாது. ஸ்டைலில் செய்தவருக்கு அது ஒரே மாற்றம்.

எழுத்தின் மேல் பகுதி வெட்டுப்படுகிறது. ‘கீ’யின் சுழி, மெய்யெழுத்தின் புள்ளி எல்லாம் காணாமல் போகின்றன.

பத்தியின் வரி இடைவெளி ‘எக்ஸாக்ட்லி’ என்று இருந்து, எண் குறைவாக இருக்கிறது. ஆங்கில டெம்ப்ளேட்டில் தமிழை ஒட்டும்போது இது வழக்கமாக நடக்கும். ஆங்கிலத்தில் 12 புள்ளி எழுத்துக்கு 14 புள்ளி வரி போதும். தமிழில் மேலே புள்ளியும் ‘ி’, ‘ீ’ சுழிகளும் ஏறும், கீழே ‘கு’, ‘மூ’, ‘ழு’ இறங்கும். 14இல் அடங்காது, மேல்பாகம் வெட்டுப்படும்.

பத்தியில் வலது கிளிக் → பாரக்ராஃப் → லைன் ஸ்பேசிங். அங்கே ‘அட் லீஸ்ட்’ என்று மாற்றினால் வெட்டு உடனே நின்றுவிடும். ஆனால் எங்கள் பரிந்துரை வேறு. ‘எக்ஸாக்ட்லி’யை வைத்துக்கொண்டே, எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு கொடுங்கள். 12 புள்ளிக்கு 18, 14 புள்ளிக்கு 21. காரணம் அடுத்த விடையில்.

எழுத்துருவை மாற்றியதும் 6 பக்கம் 9 பக்கமாகிவிட்டது. எழுத்தளவு அதேதான்.

ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கு மேலும் கீழும் எவ்வளவு இடம் வேண்டும் என்று உள்ளேயே எழுதி வைத்திருக்கும். ‘சிங்கிள்’ என்று நீங்கள் கொடுப்பது ஒரு நிலையான அளவல்ல, அந்த எழுத்துரு கேட்கும் உயரம். தமிழ் எழுத்துருக்களில் பல தாராளமாகவே கேட்கும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்தியில் இன்னொரு கோளாறும் வரும்: தமிழ்ச் சொல் உள்ள வரி உயரமாகவும், முழுக்க ஆங்கிலமான வரி நெருக்கமாகவும் நிற்கும், பத்தி சீராக இருக்காது. ‘எக்ஸாக்ட்லி 18’ என்று கட்டிப்போட்டால் எல்லா வரியும் ஒரே உயரம், எழுத்துருவை மாற்றினாலும் பக்க எண்ணிக்கை பெரிதாகத் தாவாது.

ஒரு எச்சரிக்கை: ‘எக்ஸாக்ட்லி’ கொடுத்த பத்திக்குள் படத்தை வரியோடு வரியாகச் செருகினால், படத்தின் ஒரு கீற்று மட்டுமே தெரியும். அந்தப் பத்தியை மட்டும் ‘சிங்கிள்’ ஆக்கிவிடுங்கள்.

எந்த எழுத்துருவை எதற்குப் பயன்படுத்துவது?

விண்டோஸிலேயே கிடைப்பவை லதா, விஜயா, நிர்மலா (புதிய விண்டோஸில் முதல் இரண்டும் விருப்பத் தேர்வாகத்தான் வரும்). இவற்றில் நிர்மலா திரையிலும் தாளிலும் தெளிவு. அலுவலகக் கடிதம், கூலிப் பட்டியல், திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனு ஆகியவற்றுக்கு இது போதும். மனுவில் 12 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். பலமுறை நகல் எடுக்கப்படும் தாள் அது, ஒவ்வொரு நகலிலும் புள்ளிகள் தேயும்.

நீண்ட வாசிப்புக்கு, சிறப்பு மலர், ஆண்டறிக்கை போன்றவற்றுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் நல்ல தேர்வு. நோட்டீஸ் தலைப்புக்கு பலூ தம்பி, காட்டமரன், முக்த மலர் போன்றவை எடுப்பாக இருக்கும். உடல் பகுதிக்கு பலூ தம்பியைப் போடாதீர்கள், பத்து வரிக்கு மேல் கண் களைத்துவிடும். தமிழ் இணையக் கல்விக்கழகமும் யூனிகோட் எழுத்துருக்களை இலவசமாகத் தருகிறது.

கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கினால் வரும் ஜிப் பொட்டலத்தில் ‘வேரியபிள்’ என்று ஒரு கோப்பும், ‘ஸ்டாட்டிக்’ என்று ஒரு ஃபோல்டரும் இருக்கலாம். வேர்டுக்கு ஸ்டாட்டிக் ஃபோல்டரில் உள்ளவற்றை நிறுவுங்கள். வேரியபிளை நிறுவினால் தடிமன் வகைகள் பட்டியலில் ஒழுங்காக வராது. நிறுவும்போது வலது கிளிக்கில் ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுத்து, வேர்டை மூடித் திறங்கள்.

தடித்த எழுத்தில் ‘ண’, ‘ஞ’ எல்லாம் மை அப்பியதுபோல் அடைத்துக்கொள்கிறது.

எழுத்துருவுக்கென்று தனியாக வரைந்த தடித்த வடிவம் இல்லை என்றால், வேர்ட் தானாகக் கோட்டைத் தடிப்பாக்கும். சுழிகள் நிறைந்த எழுத்துகளில் உள்வெளி அடைபடும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். நிர்மலா, லதா, நோட்டோ ஆகியவற்றில் உண்மையான தடித்த வடிவம் உண்டு, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

சாய்வெழுத்து? தமிழ் எழுத்துருக்களில் அநேகமாக இல்லை. கன்ட்ரோல் + ஐ அழுத்தினால் நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்துக் காட்டும், ‘ி’யின் சுழி அடுத்த எழுத்தில் இடிக்கும். நூல் பெயர், அழுத்தம் எதுவானாலும் ஒற்றை மேற்கோளோ தடித்த எழுத்தோ போதும்.

இரண்டு ஓரமும் ஒழுங்காக இருக்க ஜஸ்டிஃபை கொடுத்தால் சொற்களுக்கிடையே பெரிய ஓட்டை விழுகிறது.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘ஊராட்சிமன்றத்தலைவர்களுக்கான’ போன்ற ஒரு சொல் வரிக்குள் அடங்காமல் கீழே இறங்கினால், மேல் வரியில் எஞ்சிய மூன்று சொற்களும் பல்லிளித்து நிற்கும். அகலமான ஏ4 பக்கத்தில் ஜஸ்டிஃபை தாங்கும். இரண்டு நெடுவரிசை நோட்டீஸில் தாங்காது, அங்கே இடப்பக்க ஒழுங்கே அழகு. கட்டாயம் இரு ஓரமும் வேண்டும் என்றால் நீளச் சொல்லுக்குள் கர்சரை வைத்து கன்ட்ரோல் + சிறுகோடு அழுத்துங்கள். தேவைப்பட்டால் மட்டும் அங்கே உடையும். உடைக்கும் இடத்தில் அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்: ‘ஊராட்சி-மன்ற’ சரி, ‘ஊரா-ட்சி’ கூடாது.

கன்ட்ரோல் + ஜே அழுத்தப் போய்க் கைதவறி ஷிஃப்டும் சேர்ந்துவிட்டால் ‘டிஸ்ட்ரிபியூட்’ ஆகிவிடும். அது எழுத்துகளுக்கிடையேயும் இடைவெளி விட்டு வரியை இழுக்கும். கடைசி வரியில் இரண்டே சொல் பக்கம் முழுக்கப் பரவிக் கிடந்தால் காரணம் இதுதான். தலைப்பை அகலப்படுத்த எழுத்து இடைவெளியைக் கூட்டுவதும் தமிழுக்கு ஆகாது. கொம்பும் காலும் தம் எழுத்தை விட்டு விலகி நிற்கும்.

‘ரூ. 500’, ‘திரு. முருகன்’ போன்றவை வரி முடிவில் பிரிந்துபோகாமல் இருக்க, இடையில் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஸ்பேஸ் கொடுங்கள்.

மாம்பழ விலைப்பட்டியலில் விலைகள் ஒரே நேர்கோட்டில் வருவதில்லை. ஸ்பேஸ் பார் அழுத்தி அழுத்திக் கை வலிக்கிறது.

ஸ்பேஸ் பாரால் ஒருபோதும் வராது. ஒவ்வொரு எழுத்துக்கும் அகலம் வேறு, ‘மல்கோவா’வுக்குப் பின்னும் ‘இமாம்பசந்த்’துக்குப் பின்னும் ஒரே எண்ணிக்கையில் ஸ்பேஸ் விட்டாலும் விலை ஒரே இடத்தில் நிற்காது.

பட்டியல் வரிகளைத் தேர்ந்தெடுத்து, பாரக்ராஃப் பெட்டியின் கீழே உள்ள ‘டேப்ஸ்’ பொத்தானை அழுத்துங்கள். ஏ4 தாள் 21 செ.மீ., இருபுறமும் வேர்டின் வழக்கமான 2.54 செ.மீ. ஓரம் போக 15.92 செ.மீ. மிஞ்சும். டேப் இடம் 15.9 என்று கொடுத்து, அலைன்மென்ட் ‘ரைட்’, லீடர் 2 தேர்ந்தெடுத்து, செட், ஓகே. இப்போது ரகத்தின் பெயர், ஒரு டேப், விலை. இடையில் புள்ளிக்கோடு தானாக வரும், விலைகள் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். பைசாவும் வரும் பட்டியலில் ‘ரைட்’டுக்குப் பதிலாக ‘டெசிமல்’ கொடுத்து, டேப் இடத்தை 15 என்று வையுங்கள். 1,250.50, 80.25 இரண்டும் தசமப் புள்ளியில் நேர்படும்.

மூன்று நெடுவரிசைக்கு மேல் போனால், எஸ்டேட் கூலிப் பட்டியல்போல, டேப்பை விட்டுவிட்டு டேபிள் போடுங்கள். கோடு வேண்டாமென்றால் பார்டரை ‘நன்’ ஆக்கினால் போதும்.

வினாத்தாளில் அ), ஆ), இ), ஈ) என்று தானாக எண் போட முடியுமா?

வேர்டின் நம்பரிங் பட்டியலில் தமிழ் உயிரெழுத்து வரிசை இல்லை. வினா எண்ணுக்கு மட்டும் தானியங்கி எண்ணை வைத்துக்கொண்டு, விடைத் தெரிவுகளைக் கையால் தட்டுங்கள். நான்கும் ஒரே வரியில் வர 1, 4.7, 8.4, 12.1 செ.மீ. என்று நான்கு இடப்பக்க டேப் வையுங்கள். இதை ‘தெரிவு’ என்ற பெயரில் ஒரு ஸ்டைலாகச் சேமித்துவிட்டால், அடுத்த வினாத்தாளில் ஒரு கிளிக்தான். தெரிவுகள் நீளமாக இருந்தால் இரண்டிரண்டாகப் பிரித்து 1, 8.4இல் மட்டும் நிறுத்துங்கள்.

₹ குறிக்குப் பதில் கட்டம் வருகிறது. ‘ஸ்ரீ’யும் உடைந்து தெரிகிறது.

₹ யூனிகோடில் 2010இல்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அந்த வடிவமே இருக்காது. குறியை மட்டும் தேர்ந்தெடுத்து நிர்மலாவுக்கு மாற்றுங்கள். விண்டோஸில் ‘இங்கிலீஷ் இந்தியா’ விசைப்பலகையில் வலது ஆல்ட் + 4 அழுத்தினால் ₹ வரும். பில், ரசீது எல்லாவற்றிலும் ‘ரூ.’ என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

‘ஸ்ரீ’ என்பது ஸ, புள்ளி, ர, ‘ீ’ என நான்கு குறியீடுகள் சேர்ந்து ஒரே வடிவமாவது. எழுத்துருவில் அந்தக் கூட்டுவடிவம் இல்லை என்றால் பிரிந்து நிற்கும். ‘ஶ’ கொண்டு தட்டிய ‘ஶ்ரீ’யும் உண்டு, பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் தேடலில் ஒன்று மற்றொன்றைக் கண்டுபிடிக்காது. அழைப்பிதழில் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு கடைசிவரை அதையே தட்டுங்கள்.

பிரிண்ட் கடைக்கு ஃபைலை எப்படிக் கொடுப்பது?

பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். ஃபைல் → சேவ் ஆஸ் → பிடிஎஃப். எழுத்துரு உள்ளேயே போய்விடும், கடைக் கணினியில் என்ன இருந்தாலும் பக்கம் கலையாது. வேர்ட் ஃபைலையும் பத்திரமாக வைத்திருங்கள். பிடிஎஃபிலிருந்து தமிழை நகலெடுத்தால் பெரும்பாலும் கொம்பும் காலும் இடம் மாறி வரும், அதிலிருந்து திருத்தப் பார்ப்பது வீண் வேலை.

கடைக்காரரே திருத்த வேண்டியிருந்தால் வேர்ட் ஃபைலில் எழுத்துருவைப் பொதியுங்கள்: ஃபைல் → ஆப்ஷன்ஸ் → சேவ் → ‘எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்’. உரிமம் அனுமதிக்காத எழுத்துருக்கள் பொதியாமல் போகலாம். நோட்டோ போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் அந்தச் சிக்கல் இல்லை. கூகுள் டாக்ஸில் உங்கள் சொந்த எழுத்துருவை ஏற்ற வழியே கிடையாது. எழுத்துருப் பட்டியலில் ‘மோர் ஃபான்ட்ஸ்’ திறந்து, ஸ்கிரிப்ட்ஸில் தமிழ் என்று வடிகட்டி, அங்கே இருப்பதைத்தான் எடுக்க முடியும்.

அச்சகத்தில் ‘யூனிகோட் வேண்டாம், பாமினியில் கொடுங்கள்’ என்கிறார்கள்.

அவர்கள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம். அதன் கடைசிப் பதிப்பு 7.0, வந்தது 2001இல், யூனிகோட் தமிழ் அதற்குத் தெரியாது. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு பாமினியாகக் கொடுங்கள், மூலத்தை யூனிகோடிலேயே வைத்திருங்கள். மாற்றிய பின் ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரிசைகளையும், எண்களையும், ஆங்கிலச் சொற்களையும் ஒருமுறை பாருங்கள். ஆங்கிலச் சொல் பாமினியில் மாட்டினால் தமிழ்க் குப்பையாகத் தெரியும்.

இன்டிசைன் வைத்திருக்கும் அச்சகம் யூனிகோடை எடுக்கும். எழுத்து உடைந்தால், பாரக்ராஃப் பலகத்தின் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பாரக்ராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், சேர்ந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் வந்ததை ஒட்டினால் ஒரு பத்தி ஒரு மாதிரி, அடுத்தது வேறு மாதிரி.

ஒட்டும்போது வலது கிளிக்கில் ‘கீப் டெக்ஸ்ட் ஒன்லி’ கொடுங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டால், தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + ஸ்பேஸ் எழுத்து வடிவமைப்பையும், கன்ட்ரோல் + கியூ பத்தி வடிவமைப்பையும் துடைக்கும். ஷிஃப்ட் + எஃப்1 அழுத்தினால் எந்த எழுத்துக்கு என்ன வடிவமைப்பு இருக்கிறது என்று பக்கவாட்டில் காட்டும். ஒரு பத்தி மட்டும் ஏன் அடங்க மறுக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.

எல்லாச் சொல்லுக்கும் கீழே சிவப்பு நெளிகோடு.

வேர்ட் அதை ஆங்கிலமாக நினைத்துத் திருத்தப் பார்க்கிறது. அனைத்தையும் தேர்ந்தெடுத்து, ரிவியூ → லாங்குவேஜ் → செட் ப்ரூஃபிங் லாங்குவேஜில் தமிழைக் கொடுங்கள். பிழைதிருத்தியே வேண்டாம் என்றால் ‘டு நாட் செக் ஸ்பெல்லிங்’ டிக் செய்யுங்கள். நெளிகோடு அச்சில் வராது.

பேக்ஸ்பேஸ் ஒருமாதிரி, டெலீட் ஒருமாதிரி அழிக்கிறதே?

பேக்ஸ்பேஸ் கடைசிக் குறியீட்டை மட்டும் அழிக்கும். ‘கொ’வின் பின்னால் நின்று அழுத்தினால் ‘க’ மிஞ்சும். டெலீட், முன்னால் உள்ள முழு எழுத்தையும் தூக்கிவிடும். ‘கி’யை ‘கீ’ ஆக்க பேக்ஸ்பேஸ்தான் சுருக்கு வழி.

ஏற்காட்டில் மழை மாதங்களில் அச்சு மங்கலாகவும், தேய்த்தால் உதிர்வதாகவும் இருக்கிறது. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா?

ஆகாது, இது தாளின் ஈரம். மூடுபனி நாட்களில் பிரித்து வைத்த தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். லேசர் பிரிண்டரின் சூடு டோனரை உருக்கி ஒட்டுவதற்குப் பதிலாக அந்த ஈரத்தை ஆவியாக்குவதில் போய்விடும். டோனர் சரியாகப் பிடிக்காது, தாள் சுருண்டு சிக்கவும் செய்யும். ட்ரேயில் அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் வைத்து, மீதிக் கட்டை அதன் உறையிலேயே மடித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பிரிண்டர் ப்ராப்பர்டீஸில் பேப்பர் டைப்பை ‘பிளெய்ன்’ என்பதிலிருந்து ஒரு படி தடிமனானதற்கு மாற்றினால், பெரும்பாலான பிரிண்டர்களில் உருக்கும் சூடு கூடும், டோனர் பிடிக்கும். இங்க்ஜெட் பிரிண்டராக இருந்தால் ஈரத் தாளில் மை பரவி, 10 புள்ளிக்குக் கீழான எழுத்தில் புள்ளிகள் எழுத்தோடு கலந்துவிடும். அந்த மாதங்களில் மட்டும் அளவை 12க்கு ஏற்றி, தரத்தை ‘டிராஃப்ட்’டில் வைக்காமல் ‘நார்மல்’லில் வையுங்கள்.